டியூனர் மேல எழுதியிருக்கிற வாட்டை நம்பி லீனியர் போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசுற ரேடியோ) பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. நம்ம காரைக்குடி பக்கத்து பசங்க லைசென்ஸ் எடுத்து பேசுறதை பத்தி ஒரு தமிழ் பேப்பர் இவ்வளவு இடம் குடுத்து எழுதுனதுக்கு மொதல்ல மனசார நன்றி. ஆனா அதுல ஒரு வரி மட்டும் என்னால சும்மா விட முடியல. நல்ல லீனியர் ஆம்ப்ளிஃபயர் (ரேடியோ செட்டோட பவரை கூட்டுற பெட்டி) ஒண்ணும் ஆண்டெனா டியூனர் ஒண்ணும் இருந்தா எந்த ஒயரை கட்டியும் உலகம் பூரா பேசலாம்னு போட்டிருக்கு. அதை படிச்சிட்டு ரெண்டு பசங்க என்கிட்டயே வந்து, அண்ணே எந்த டியூனர் வாங்கலாம், 300 வாட் போதுமா, இல்ல 1500 வாட் போட்டது வாங்கவான்னு கேட்டாங்க. அவங்க அப்பா அம்மா காசை போட்டு வாங்க போற சாமான், அதனாலதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா இருந்தாலும் தயவுசெஞ்சு போடுங்க.

டியூனர் ஆண்டெனாவை சரி பண்ணாது. இதை மொதல்ல மண்டையில ஏத்திக்கணும். ரிக்கும், அதாவது ரேடியோ செட்டும், லீனியரும் 50 ஓமை எதிர்பாத்து செஞ்சது, ஆண்டெனா பக்கத்துல இருந்து வர்றது வேற ஏதோ ஓமா இருக்கும், நடுவுல ஒரு காயிலும் ஒண்ணு ரெண்டு வேரியபிள் கெப்பாசிட்டரும் வச்சு லீனியர் பாக்குற பக்கத்துல 50 ஓமா காட்டுறதுதான் டியூனரோட வேலை. கல்யாண தரகர் ரெண்டு வீட்டையும் பேசி ஒத்துப்போக வைப்பாரே ஒழிய மாப்பிள்ளையை மாத்த மாட்டாருல்ல, அந்த மாதிரிதான். டியூனருக்கு அந்தப்பக்கம் ஆண்டெனாவுக்கு போற கோஆக்ஸ் கேபிள்ல எஸ்டபிள்யூஆர் (ஓம் எவ்வளவு ஒத்துப்போகலைன்னு காட்டுற எண், ஒண்ணுக்கு ஒண்ணுன்னா முழுசா ஒத்துப்போச்சு) எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவு அப்படியே இருக்கும், மீட்டர்ல மட்டும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு அழகா காட்டும்.

இதுக்கு நம்ம ஊர்ல நெறைய பேர் பண்ற ஒரு காரியத்தையே சொல்றேன். 40 மீட்டர் பேண்டுக்கு 66 அடி டைபோல், நடுவுல கேபிள் சேர்ற ஒயர் ஆண்டெனா, கட்டியிருப்பாங்க, கீழ ஒரு முப்பது மீட்டர் கோஆக்ஸ் இறங்கும், 7.1 மெகாஹெர்ட்ஸ்ல அருமையா ஓடும். சாயங்காலம் ஆனா 80 மீட்டர்லயும் பேசணும்னு ஆசை வரும், உடனே டியூனரை போட்டு அதே டைபோலை 3.6ல டியூன் பண்ணுவாங்க, மீட்டரும் இறங்கிரும், அப்பறம் லீனியரை போட்டு 400 வாட் தள்ளுவாங்க. அந்த ஒயர் 80 மீட்டருக்கு பாதி நீளம்தான், அதோட நடுவுல பத்து பன்னெண்டு ஓம் ரெசிஸ்டன்ஸ்தான் இருக்கும், கூடவே கிட்டத்தட்ட 900 ஓம் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ் வேற. கோஆக்ஸ்ல எஸ்டபிள்யூஆர் ஆயிரத்தை தாண்டிரும். கணக்கு போட்டு பாத்தா அந்த 400 வாட்ல பத்து வாட் கூட மேல ஒயருக்கு போய் சேராது, மிச்சம் பூரா கோஆக்ஸை சூடாக்கவும் டியூனர் காயிலை சூடாக்கவும்தான். மீட்டர் ஒண்ணுக்கு ஒண்ணு காட்டுதே, ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு பையன் ராத்திரி பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பான்.

இப்ப அந்த வாட் கணக்குக்கு வர்றேன். டியூனர் டப்பா மேல 300, 1500ன்னு எழுதியிருக்குறது அந்த டியூனர் எல்லா ஆண்டெனாவுலயும் தாங்குற அளவுன்னு நெனச்சுறாதீங்க. டியூனரை கொல்றது வோல்டேஜும் கரண்டும்தான், அது ரெண்டும் அந்தப்பக்கம் இருக்கிற ஓமை பொறுத்து மாறும். 50 ஓம்ல 400 வாட்னா 141 வோல்ட், 2.8 ஆம்பியர், பயப்பட ஒண்ணுமில்ல. அதே 400 வாட் 3000 ஓம்ல போனா வோல்டேஜ் 1100ஐ தொடும், உச்சத்துல 1550. 40 மீட்டர் டைபோலை 20 மீட்டர்ல ஓட்டுனா நடுவுல இந்த மாதிரி ஆயிரக்கணக்கான ஓம்தான் நிக்கும். சரி ஓம் கம்மியா இருந்தா தப்பிச்சுக்கலாமான்னா அதுவும் இல்ல. டியூனர் வாசல்ல 10 ஓம்னு வச்சுக்கோங்க, 400 வாட்டுக்கு 6.3 ஆம்பியர் ஓடும், அந்த கரண்ட் அப்படியே அவுட்புட் கெப்பாசிட்டர் வழியாத்தான் போகணும். கடையில கெடைக்கிற, கையால திருப்புற டியூனர்ல முக்காவாசி டி நெட்வொர்க்தான், ரெண்டு பக்கமும் கெப்பாசிட்டர், நடுவுல காயில் கீழ ஏர்த்துக்கு. 3.6 மெகாஹெர்ட்ஸ்ல அந்த அவுட்புட் கெப்பாசிட்டரை 250 பிகோஃபாரட்ல வச்சு டியூன் பண்ணா அதுக்கு குறுக்க உச்சத்துல 1600 வோல்ட் நிக்கும், 100 பிகோஃபாரட்ல வச்சு டியூன் பண்ணா 4000 வோல்ட் நிக்கும். ரெண்டுலயும் மீட்டர் ஒண்ணுக்கு ஒண்ணுதான் காட்டும்! நல்லா காய்ஞ்ச சுத்தமான காத்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு 3000 வோல்ட் வாக்குல தாங்கும், தட்டு ஓரம் கூரா இருந்தாலோ தூசி இருந்தாலோ அதுக்கும் முன்னாடியே பொறி பறக்கும்.

இதை கண்ணாலயே பாத்தேன். பள்ளத்தூர்ல ஒரு நண்பர் வீட்டுல, ரெண்டாங்கட்டு ஓரத்து ரூம்ல செட் வச்சிருக்கார், ஒரு நாள் பேசிட்டு இருக்கும்போதே டியூனர் உள்ள பட் பட்னு சத்தம், லீனியர் தானா ட்ரிப் ஆயிருச்சு, ரூம் பூரா அந்த ஓசோன் வாடை. மூடியை கழட்டி டார்ச் அடிச்சு பாத்தோம். வேரியபிள் கெப்பாசிட்டர்ல வெளிப்பக்க தட்டு ரெண்டுல ஓரத்துல குண்டூசி தலை அளவுக்கு கருப்பு கருப்பா குழி, அதை சுத்தி வெள்ளையா அலுமினிய பவுடர், தட்டுகளுக்கு நடுவுல நம்ம ஊர் செம்மண் புழுதி படிஞ்சு ஒரு சிலந்தி நூல் வேற கட்டியிருக்கு. காயில் ஸ்விட்ச்சோட வேஃபர்ல (காண்டாக்ட் எல்லாம் உக்காந்திருக்கிற வட்ட அட்டையில) ரெண்டு காண்டாக்டுக்கு நடுவுல பென்சில் கோடு மாதிரி கரி ஓடியிருந்துச்சு. அந்த கரி ஓடிட்டா அவ்வளவுதான், கரி கரண்டை கடத்தும், அடுத்த தடவை பாதி பவர்லயே அதே எடத்துல வெட்டும், தொடைச்சா போகாது, வேஃபரையே மாத்தணும். டியூனர் மேல 1500 வாட்னு பெருசா பிரிண்ட் பண்ணியிருக்கு. அவர் ஓட்டுனது 400 கூட இல்ல.

டி நெட்வொர்க் டியூனர் வச்சிருக்கவங்களுக்கு நான் திரும்ப திரும்ப சொல்றது இதுதான். ஒரே ஆண்டெனாவுக்கு பல எடத்துல மேட்ச் கெடைக்கும், மொதல்ல கெடைச்ச எடத்துல நிறுத்திறாதீங்க. ரெண்டு கெப்பாசிட்டரோட தட்டும் எவ்வளவு உள்ள போய் இருக்க முடியுமோ அவ்வளவு இருக்கணும், காயில் எவ்வளவு கம்மியா இருக்க முடியுமோ அவ்வளவு கம்மியா இருக்கணும், அந்த செட்டிங்லதான் வோல்டேஜும் கம்மி, வீணாகுற பவரும் கம்மி. எல் நெட்வொர்க்ல இந்த குழப்பமே இல்ல, ஒரு காயில் ஒரு கெப்பாசிட்டர், மேட்ச் கெடைக்கிறது ஒரு எடத்துலதான், அதுவே நல்ல எடம். என்னைய கேட்டா ஒரே ஆண்டெனாவுக்கு லீனியரோட ஓட்ட போறவங்க நல்ல அகலமான இடைவெளி உள்ள கெப்பாசிட்டர் ஒண்ணு தேடி வாங்கி தடியான செம்பு குழாயில காயில் சுத்தி எல் டியூனர் வீட்டுலயே செய்யுறதுதான் மேல்.

இன்னொரு குழப்பம், டியூனரை எங்க வைக்கிறது. நெறைய ரிக்ல உள்ளயே ஆட்டோ டியூனர் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு லீனியரை போட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனைக்கிறாங்க. அது ரிக்குக்கும் லீனியரோட இன்புட்டுக்கும் நடுவுலதான் வேலை செய்யுது, லீனியருக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஆண்டெனாவை அது தொடவே தொடாது, அதோட அது 100 வாட்டுக்கு, ஒண்ணுக்கு மூணு எஸ்டபிள்யூஆர் வரைக்கும் சமாளிக்க செஞ்சது. லீனியர் லைன்ல இருக்கும்போது ரிக்கோட டியூனரை ஆஃப்ல வைங்க. ஹைபவர் டியூனர் லீனியருக்கு அப்பறம், ஆண்டெனாவுக்கு முன்னாடி. வால்வ் லீனியர் வச்சிருக்கவங்களுக்கு, 811ஏ, 3-500இஸட், ரஷ்யா ஜிஐ-7பி மாதிரி, ட்யூன் லோடுன்னு ரெண்டு குமிழ் இருக்கிறதால அதுவே ஒரு பை நெட்வொர்க், சின்ன டியூனர் மாதிரி, ஒண்ணுக்கு ரெண்டு வரைக்கும் எஸ்டபிள்யூஆரை அதுவே சமாளிச்சுக்கும், சின்ன மிஸ்மேட்சுக்கு டியூனரே வேண்டாம். இப்ப வர்ற எல்டிமாஸ் டிரான்ஸிஸ்டர் லீனியர்ல அந்த குமிழ் கெடையாது, அவுட்புட் 50 ஓமுக்கே கட்டி வச்சது, ஆண்டெனா கொஞ்சம் தள்ளி போனாலும் ப்ரொடெக்ஷன் வந்து நிறுத்திரும், அது நிறுத்துறது நல்லதுக்குத்தான், ட்ரிப் ஆகுதேன்னு ப்ரொடெக்ஷனை பைபாஸ் பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த டிரான்ஸிஸ்டர் விலை தெரிஞ்சா பண்ண மாட்டீங்க.

டியூன் பண்ற முறையிலதான் பாதி சாமான் சாகுது. லீனியரை ஆன் பண்ணி ஃபுல் பவர் விட்டுக்கிட்டே டியூனர் குமிழை திருப்புறது, அந்த நேரத்துல ஸ்விட்ச் ஒரு காண்டாக்ட்ல இருந்து அடுத்ததுக்கு தாவும்போது நடுவுல லோடே இல்லாம ஒரு கணம் நிக்கும், அந்த ஒரு கணம் போதும். சரியான முறை என்னன்னா, லீனியரை ஸ்டாண்ட்பைல வைங்க, ரிக்ல பத்து இருபது வாட் கேரியர் (பேச்சு இல்லாத வெறும் சிக்னல்) மட்டும் விட்டு டியூனரை சரி பண்ணுங்க, கெடைச்ச குமிழ் நம்பரை பேண்டு வாரியா ஒரு நோட்டுல எழுதி வைங்க. வால்வ் லீனியரா இருந்தா அதை தனியா டம்மி லோடுல (ஆண்டெனாவுக்கு பதிலா மாட்டுற 50 ஓம் ரெசிஸ்டர்ல) 50 ஓம் பாத்து ட்யூன் லோடு சரி பண்ணிட்டு, அப்பறம் டியூன் பண்ணி வச்ச ஆண்டெனாவுக்கு மாத்துங்க, ரெண்டு பக்கமும் 50 ஓம் பாக்குறதால ஏறக்குறைய அப்படியே உக்காந்துரும். அப்பவும் பாதி பவர்ல ஆரம்பிச்சு மேல ஏத்துங்க. பேண்டு மாத்தணும்னா, ஸ்விட்ச் தொடணும்னா, பிடிடியை (பேசுற பட்டனை) விட்டுட்டுத்தான். இப்ப நானோ விஎன்ஏ, ஆண்டெனாவை அளக்குற குட்டி மீட்டர், பசங்க எல்லார் கையிலயும் இருக்கு, ரிக்கை கழட்டிட்டு டியூனர் இன்புட்ல அதை மாட்டுனா ஒரு வாட் கூட விடாம காத்துல யாருக்கும் தொந்தரவு இல்லாம டியூன் பண்ணிறலாம், என் கணக்குல இதைவிட நல்ல முறை கெடையாது, ஆனா ரிக்கை முழுசா கழட்டாம ஸ்விட்ச் வழியா மாட்டியிருந்தா யாரும் மைக் பட்டனை அமுக்கிறக்கூடாது, ரிக்கோட பவர் அதுல போனா அந்த குட்டி சாமான் காலி. ஹைபவர் ஆட்டோ டியூனர் வாங்குறவங்க, அது டியூன் ஆகுற வரைக்கும் லீனியரோட கீ லைனை (லீனியரை வேலை செய்ய வைக்கிற ஒயரை) அதுவே துண்டிக்கிற மாதிரி ஒயரிங் பண்ணிருங்க, இல்லாட்டி ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கும்.

அப்பறம் எஃப்டி8, கம்ப்யூட்டர் வழியா எழுத்துல செய்தி அனுப்புற முறை. பேச்சுல வாட் எல்லாம் உச்சத்துக்குத்தான், சராசரி அதுல கால் பங்கு கூட இருக்காது, பேசும்போது நடுவுல மூச்சு விடுறோம்ல, டியூனரும் அந்த நேரத்துல ஆறிக்கும். எஃப்டி8ல நம்ம முறை வர்ற ஒவ்வொரு 15 செகண்ட்லயும் 12.6 செகண்ட் முழு பவர் விடாம போகுது. பேச்சுக்கு 300 வாட்னு போட்ட டியூனர்ல எஃப்டி8க்கு நூறு வாட்டுக்கு மேல நான் போக மாட்டேன். டியூனர் உள்ள இருக்கிற நாலுக்கு ஒண்ணு பேலன் (ரெண்டு ஒயர் லைனை டியூனரோட சேக்குற ஃபெரைட் காயில்) அதைவிட சீக்கிரம் சூடாகும், மூடி மேல கை வச்சு பாத்தா தெரியும், ஃபெரைட் சூடேறி அதோட குணமே போயிட்டா பேசிட்டு இருக்கும்போதே எஸ்டபிள்யூஆர் மெல்ல மெல்ல ஏறும்.

லீனியர் எவ்வளவு குடுக்குதுன்னும் ஒரு கணக்கு பாக்கணும் ஐயா. நம்ம நாட்டுல ஜெனரல் கிரேடு லைசென்ஸுக்கு 400 வாட் வரைக்கும்தான், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50 வாட், அதாவது வி.யு.3 கால்சைன் வச்சிருக்கிற பசங்க லீனியரை நெனச்சே பாக்கக்கூடாது, உங்க கட்டுரையில இதை சொல்லவே இல்ல. 1500 வாட் அமெரிக்காவோட அளவு. 100 வாட்ல இருந்து 400 வாட்டுக்கு போனா கூடுறது 6 டெசிபல், கேக்குறவரோட சிக்னல் மீட்டர்ல ஒரே ஒரு எஸ் யூனிட், அதாவது ஒரே ஒரு கோடு. அந்த ஒரு எஸ் யூனிட்டுக்கு லீனியர், டியூனர், தடி கோஆக்ஸ், தனி கரண்ட் லைன்னு செலவு போய்க்கிட்டே இருக்கும். இருபது அடியில தொங்குற டைபோலை நாப்பது அடிக்கு ஏத்துனா தூரத்து ஸ்டேஷனுக்கு நல்லாவே வித்தியாசம் தெரியும், அதோட கேக்குறதும் சேந்து நல்லாகும், லீனியர் நம்ம காதுக்கு ஒண்ணும் பண்ணாதே.

அதுலயும் நம்ம செட்டிநாட்டுக்கு இருக்கிற வசதி மெட்ராஸ்ல எந்த ஃபிளாட்லயும் கெடையாது. ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல்னு வீடு கட்டி வச்சிருக்காங்க, கானாடுகாத்தான்லயும் ஆத்தங்குடிலயும் தேவகோட்டைலயும் முழுசா 130 அடி, 80 மீட்டர் டைபோல், வீட்டு எல்லைக்குள்ளயே இழுக்கலாம். ஓட்டு கூரையும் தேக்கு உத்தரமும் ரேடியோவை தடுக்காது, முற்றத்துக்கு மேல தகரம் போட்டு மூடுன வீட்டுலதான் பிரச்சனை. இவ்வளவு நீள வீட்டை வச்சுக்கிட்டு மொட்டைமாடியில பதினஞ்சு அடி ஒயரை கட்டி டியூனர்ல மேட்ச் பண்றவங்களை பாத்தா எனக்கு மனசு ஆறல. நாலு பேண்டும் ஒரே ஒயர்லதான் வேணும்னா நடுவுல கோஆக்ஸ் போடாதீங்க, லேடர் லைன் போடுங்க, ரெண்டு ஒயரை அஞ்சு பத்து சென்டிமீட்டர் இடைவெளியில பிளாஸ்டிக் குச்சி வச்சு நாமளே கட்டிக்கலாம், எஸ்டபிள்யூஆர் எகிறுனாலும் அதுல வீணாகுறது ரொம்ப கம்மி. ஜன்னல் இரும்பு கம்பியில ஒட்டாம கொண்டு வரணும், அது ஒண்ணுதான் கவனம். குன்றக்குடி பக்கம் மயில் வந்து ஒக்காந்து ஒயரை இழுத்துரும், கொஞ்சம் கெட்டி ஒயரா போடுங்க.

ஆபத்தையும் சொல்லணும். வால்வ் லீனியர் உள்ள 2000, 3000 வோல்ட் இருக்கு, பிளக்கை புடுங்குன பிறகும் கெப்பாசிட்டர்ல நிக்கும், ஒரு தொடுதல்ல ஆள் போயிரும். பசங்க தனியா மூடியை கழட்டக்கூடாது, கழட்டுனா ஏர்த் ஒயர் கட்டுன இன்சுலேட்டட் குச்சியால தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும். மாடி ரூம்ல செட் வச்சிருந்தா ஏர்த் ஒயர் கீழ போகவே அஞ்சு மீட்டர் ஆயிரும், அது 20 மீட்டர் பேண்டுக்கு கால் அலைநீளம், ஆர்எஃப்க்கு, அதாவது ரேடியோ அலை கரண்டுக்கு, அது ஏர்த்தே கெடையாது, 400 வாட் விட்டா மைக் உதட்டை சுடும், டியூனர் டப்பா விரலை சுடும். அந்த நேரத்துல ஏர்த்தை மட்டும் நோண்டாம டியூனருக்கு வெளிய ஒண்ணுக்கு ஒண்ணு கரண்ட் பேலன் போட்டு பாருங்க. பக்கத்து வீட்டு ஆச்சி டிவில கோடு விழுதுன்னு சொன்னாலும் பாதி நேரம் இதுதான் மருந்து.

2004 டிசம்பர்ல சுனாமி வந்தப்ப போர்ட் பிளேர்ல ஹைதராபாத் என்ஐஏஆர் (தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம்) குழுவோட பாரதி பிரசாத் அம்மா ஹாம் ரேடியோல தகவல் அனுப்புனாங்க, தீவுல போன் தொடர்பெல்லாம் அத்துப்போன நேரம் அது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப புதுக்கோட்டை பக்கமும் நம்ம பக்கமும் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கெடந்தோம். அந்த மாதிரி நேரத்துல லீனியரை எதுல ஓட்டுவீங்க? கார் பேட்டரியில 100 வாட் ரிக்கும் ஒழுங்கா வெட்டி ஏத்துன டைபோலும்தான் பேசும். டியூனர் இல்லாமயே மேட்ச் ஆகுற ஆண்டெனா ஒண்ணு ஒவ்வொரு ஹாம் வீட்டுலயும் ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி மேல ஏறி இருக்கணும்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

அதனால ஐயா உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். எந்த ஒயரும் போதும்ங்கிற அந்த வரிக்கும், ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸுக்கு 50 வாட்தான்ங்கிறதுக்கும் அடுத்த இணைப்புல ஒரு சின்ன திருத்தம் போடுங்க, நாலு வரி போதும். அப்பறம் நம்ம பக்கத்து காலேஜ்ல ஹாம் கிளப் வச்சிருக்கிற வாத்தியாருங்க இதை படிச்சா, லீனியருக்கு ஃபண்ட் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு டம்மி லோடு, ஒரு ஆண்டெனா அனலைசர், நூறு மீட்டர் நல்ல செம்பு ஒயர், ரெண்டு நாப்பது அடி மாஸ்ட் இதுக்கு கேளுங்க. இது எல்லாம் சேந்தும் நல்ல லீனியர் ஒண்ணோட விலைக்கு கீழதான் வரும்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு ஹாம் வாசகர்,
காரைக்குடி.